மறுவீடு போகும் எக்ஸெல்: முத்துக்குளித்துறையின் சிக்கனப் பயணக் கோட்பாடு குறித்து ஓர் ஆய்வு

தூத்துக்குடிக்காரர் ஒருவர் குறைந்த செலவில், மோட்டார் சைக்கிளில், ஸ்பெயினையும் பிரான்சையும் சுற்றிவர என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? ஊர் டீக்கடைகளில் ஓயாமல் அலசப்படும் இந்தக் கேள்வியை எந்தப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அறிவுலகத்தின் இந்த அலட்சியத்தை ஈடுகட்ட எழுந்ததே இக்கட்டுரை. கருதுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: சிக்கனப் பயணம் எனப்படுவது, செலவைப் பிறர் தலையில் நோகாமல் இறக்கிவைக்கும் கலை.

இக்கலையின் மூலவர் தூய சவேரியார். இன்றைய ஸ்பெயினின் நவார் பகுதியில் 1506-இல் பிறந்தார், பாரிசில் படித்தார், 1541-இல் லிஸ்பனில் கப்பலேறி, மறு ஆண்டு மே மாதம் கோவாவில் இறங்கினார். அதே 1542-இல் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கும் வந்து சேர்ந்தார். ஸ்பெயின், பிரான்ஸ், தூத்துக்குடிக் கரை என்று நம் வழித்தடத்தை அப்படியே தலைகீழாகப் போட்டவர் அவர். டிக்கெட் எடுத்தாரா என்றால் இல்லை. போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜான் அனுப்பிவைத்தார். தங்குமிடம் மணப்பாட்டுக் கடலோரக் குகை, வாடகை கிடையாது. ஊர் ஊராகப் போனது நடந்து, ஆகவே எரிபொருள் செலவும் பூஜ்யம். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகியும் இந்தப் பட்ஜெட்டை எவரும் முறியடிக்கவில்லை. அந்தப் பக்கத்து ஆள் வந்துபோன பிறகு, இந்தப் பக்கத்தார் இன்னும் மறுவீடு போகாமல் இருப்பது முறையில்லை என்பதே என் துணிபு.

இனி வாகனம். இதில் மூன்று மரபுகள் உண்டு. புல்லட் மரபினர் சத்தத்தைச் சான்றாகக் காட்டுவர். ஆனால் நம் கோட்பாட்டின்படி வண்டி இரவலாக இருந்தாக வேண்டும். புல்லட்டோ இரவல் கிடைக்காது. கேட்டால், "வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கு மக்கா" என்று சொல்வார், அந்த வண்டிமேலேயே சாய்ந்துகொண்டு. ஸ்ப்ளெண்டர் மரபு மிதவாதம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சியது எக்ஸெல் மொபெட். 99.7 சிசி இன்ஜின், 4 லிட்டர் டேங்க். உப்பு மூட்டை, மீன் பெட்டி, தண்ணீர்க் குடம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என எதை ஏற்றினாலும் முனகாது. முத்தையாபுரம் உப்பளக் காற்றில் நின்று துருப்பிடித்தும் ஓடுகிற வண்டிக்கு ஐரோப்பிய மழை ஒரு பொருட்டா?

இரவல் வாங்குவதில் ஓர் இயற்கை விதி செயல்படுவதைக் கவனிக்க வேண்டும். இதற்கு ரிசர்வ் விதி என்று பெயரிடுகிறேன். "ஏல, வண்டிய ஒரு எட்டு தாயேன், பெட்ரோல் நான் போட்டுக்கிடுதேன்" என்று வாங்கப்படும் வண்டி, வாங்கும்போதும் ரிசர்வில் இருக்கும், திருப்பிக் கொடுக்கும்போதும் ரிசர்வில் இருக்கும். இடையில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் இந்நிலை மாறாது. கொடுப்பவரும் இவ்விதியை அறிந்தவர். வண்டியைக் கேட்டு ஆள் வருவது தெரிந்ததும் டேங்கைக் காலியாக்கும் வழிகளை அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

ஒரே ஒரு இடையூறு. ஸ்பெயினின் அதிவேகச் சாலைகளில் மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டக் கூடாது. இரண்டு பேரும் ஒரு மூட்டையும் ஏறிய எக்ஸெல் அந்த வேகத்தைத் தொடுவது இறக்கத்தில் மட்டுமே. ஆகவே கிராமத்துச் சாலைகள்தான் கதி. நல்லதுதான், அங்கே சுங்கமும் இல்லை.

காகித விவகாரங்களைச் சுருக்கிவிடலாம். ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் ஓராண்டுக்குச் செல்லும். ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் தங்கலாம். அதற்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். பிரான்சில் 2016 நவம்பர் முதல் கையுறையும் கட்டாயம். ஹெல்மெட்டே கண்ணாடியில் தொங்கியபடி பயணம் செய்யும் ஊரிலிருந்து போகிறவர் இதற்கு மனத்தைப் பக்குவப்படுத்திக்கொள்ள வேண்டும். இரு நாடுகளிலும் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. நம் ஊரில் இரண்டு பக்கமும் பழக்கம்தான்.

உள்ளூர் வெள்ளோட்டம் இல்லாமல் கடல் கடக்கக் கூடாது. பரிந்துரைக்கப்படும் தடம்: பழையகாயல், முக்காணி, ஆத்தூர், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி. சுமார் 130 கிலோமீட்டர். வழிச்சாப்பாடாக மக்ரூன் எடுத்துச் செல்வது ஊர் வழக்கம். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. எடை குறைவு, இடம் அதிகம். கன்னியாகுமரிக்கென்று வாங்கிய மக்ரூன் முக்காணிப் பாலம் தாண்டுவதில்லை என்பதால், திரும்பி வரும் மூட்டை எப்போதும் இலகுவாகவே இருக்கிறது. உடன்குடியில் கருப்பட்டி வாங்கினால் மட்டும் இக்கணக்கு தவறும்.

தங்குமிடமும் சாப்பாடும்தான் ஆய்வின் உச்சம். பிரான்சின் எல்லையோரத்தில் தொடங்கி, சவேரியாரின் நவார் வழியாக, ஸ்பெயினின் மேற்கே சந்தியாகோ வரை ஒரு பழைய பாதயாத்திரைப் பாதை போகிறது. வழிநெடுக யாத்திரிகர் விடுதிகள், மலிவு விலையில் படுக்கை. ஆனால் அவை நடப்பவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் உரியவை. மோட்டார் வண்டிக்காரர் யாத்திரிகர் கணக்கில் வருவதில்லை.

இச்சிக்கலை நம் கரை என்றோ தீர்த்துவிட்டது. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நோக்கி நடப்பவர்களுக்காகச் சாலையோரம் பந்தல் போட்டு, நீர்மோரும் புளியோதரையும் கொடுப்பார்கள். அச்சமயம் வெள்ளோட்டம் போகும் ஆய்வாளர் பந்தலுக்குக் கொஞ்சம் முன்பாகவே இன்ஜினை அணைத்து, வண்டியை ஒரு பனையின் பின்னால் நிறுத்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, லேசாக நொண்டியபடி வந்து சேர வேண்டும். "எங்கேருந்து நடக்கீய?" என்று பந்தல்காரர் கேட்பார். "தூத்துக்குடி அண்ணாச்சி" என்றால் பொய்யுமில்லை. இரண்டாவது தொன்னை தானாக வரும்.

இம்முறையை ஸ்பெயினுக்கு எடுத்துச் செல்வதில் தத்துவ அளவில் தடை எதுவும் இல்லை. நவார் மலைச்சரிவில் பனைமரம் கிடையாது என்பதால், எக்ஸெலை எதன் பின்னால் நிறுத்துவது என்பதை மட்டும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இது குறித்து டீக்கடையில் இரு தரப்பாகப் பிரிந்து விவாதம் நடக்கிறது. டீக்காசு யார் கொடுப்பது என்பதிலும்.