சுமைவண்டித் திணை நூல் (வடசென்னை உரையுடன்)

லோடு வண்டி வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது அதன் திணை யாது என்பதே. விலை, டியூ எல்லாம் அதற்கப்புறம். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை ஓடும் சுமைவண்டிகளை வகுத்துரைக்க இதுவரை எந்தப் புலவரும் முன்வரவில்லை. மெக்கானிக்குகளுக்கு நேரமில்லை, புலவர்களுக்கு லைசென்ஸ் இல்லை. ஆகவே இந்நூல் அடியேன் தலையில் விழுந்தது.

நூல் பிறக்கத் தக்க நிலம்தான் இது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அசோக் மோட்டார்ஸ் என்று 1948இல் தொடங்கி எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி, லாரிப் பக்கம் திரும்பி, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. ஹிப்போ, டஸ்கர், டாரஸ் என்று பெருவிலங்குகளின் பெயரை வண்டிக்கு வைத்தவர்கள் அவர்கள். ஆனால் தெருவில் யானைப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது 2005இல் டாடா இறக்கிய ஏஸ், அதுவும் குட்டி யானையாக. பட்டம் கொடுப்பதில் ஜனங்கள் கம்பெனியைக் கலந்துகொள்வதில்லை.

இனி வகைமை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும். நம் தெரு வண்டிகளைச் சக்கரத்தால் அடுக்கும். மூன்று சக்கரத்தது ஆப்பே. நான்கு சக்கரத்தன குட்டி யானை, தோஸ்த், பொலிரோ பிக்கப். ஆறு சக்கரத்தன 407, ஐச்சர், லாரி. அப்படியே பத்து, பன்னிரண்டு என்று ஏறி, கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லரில் இருபத்திரண்டு வரை போகும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறாவது சக்கரத்தில் இந்த இலக்கணம் குடைசாய்ந்துவிடுகிறது. என்னை? 1986இல் வந்த டாடா 407க்குப் பின்னால் இரட்டை டயர், ஆக ஆறு வீல். இரண்டு ஆக்சில் லாரிக்கும் ஆறு வீல். முன்னதன் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் அடங்கும். பின்னது 2018 திருத்தத்துக்குப் பிறகு 18.5 டன் வரை போகலாம். பேரனையும் தாத்தாவையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்த பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது இந்த வகுப்பு.

மீன்பாடி வண்டியை என்ன செய்வது என்பாரும் உளர். சக்கரம் மூன்று, பழைய ஸ்கூட்டர் எஞ்சின் ஒன்றைப் பூட்டினால் பறக்கும். ஆர்.சி. புத்தகம் கிடையாது என்பதால் சட்டத்தின் கண்ணில் அது வண்டியே அல்ல, அதன்மேல் ஏறிய பீரோவும் ஐஸ் பாரும் மட்டும் தாமாக நகர்ந்து போகின்றன. அதைப் புறனடை என்று ஒதுக்கி மேலே செல்கிறேன்.

சக்கரம் கைவிட்டதால் எடையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மூன்று கோடுகள் போடுகிறது. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். 7,500க்குள் இருந்தால் இலகு ரகம். 12,000ஐத் தாண்டினால் கனரகம். இடைப்பட்டது நடுத்தரம், அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பிக்கப் வண்டிகள் பல 3,000க்குச் சற்றுக் கீழே வந்து நிற்பது இயற்கையின் அற்புதமல்ல, அந்த முதல் கோட்டின் வேலை.

மொத்த எடை என்றால் வண்டியும் சுமையும் ஆளும் சேர்ந்தது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். முதலில் வந்த ஏஸின் மொத்த எடை 1,550 கிலோ. அதில் ஏறக்குறைய பாதி வண்டியே. மிச்சம் முக்கால் டன்தான் சுமை. 2011இல் ஓசூரிலிருந்து வந்த தோஸ்த் ஒன்றேகால் டன் தாங்கும் என்று இறங்கியது.

7,500 என்ற கோட்டின்மேல் பெரிய உரைப்போரே நடந்திருக்கிறது. கார் ஓட்டும் இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் அந்த எடைக்குட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் அதையே உறுதி செய்தது. வண்டி வாங்குபவருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. டிரைவர் லீவு போட்ட நாளில் 407ஐ மச்சான் எடுத்துக்கொண்டு போகலாம். லாரிக்கு அப்படி முடியாது. அதற்கான லைசென்ஸ் கேட்கப் போவதற்கே இலகு ரக லைசென்ஸில் ஓராண்டு கழித்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது வண்டியின் இலக்கணம். சுமைக்குத் தனி இலக்கணம் உண்டு. அதில் மீன் ஏற்றும் காசிமேட்டு மரபினர், இரும்பு ஏற்றும் சாத்தங்காட்டு மரபினர் என இரு பள்ளிகள்.

காசிமேட்டாருக்குச் சுமை என்பது நேரம். விடியுமுன் ஏலம் முடிந்து, ஐஸ் உருகுமுன் சிந்தாதிரிப்பேட்டை போய்ச் சேர வேண்டும். பெட்டி இடத்தை அடைக்கும் அளவுக்கு எடை அடைக்காது. ஆனால் உப்பும் ஐஸ் தண்ணீரும் பாடியைத் தின்றுவிடும். எஞ்சின் சாவதற்கு முன்பே தரைத்தகடு செத்துப்போகும். இவர்கள் சின்ன வண்டி வாங்கிச் சீக்கிரம் மாற்றுவதே முறை. துருப்பிடிப்பதற்காக யாராவது பெரிய வண்டி வாங்குவார்களா?

சாத்தங்காட்டாருக்குச் சுமை என்பது இரும்பு. முறுக்குக் கம்பி 12 மீட்டர் நீளம். 12 எம்.எம். கம்பி ஒன்று பத்தரைக் கிலோவுக்கு மேல். எழுபது கம்பியில் குட்டி யானையின் கணக்கு முடிந்தது. பார்வைக்கு அது ஒரு சிறு கட்டு, பாடியில் பாதி இடம் காலியாகவே கிடக்கும். அந்தக் காலி இடம்தான் கெடுக்கிறது. மணலும் அப்படியே. ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி, சுமார் நாலரை டன். கால் யூனிட் போதும் என்று சிக்கனமாகக் கேட்டாலும் அது ஒரு டன்னைத் தாண்டிவிடும்.

இங்கேதான் திணைமயக்கம் பிறக்கிறது. இந்நூலின் உயிரான அதிகாரம் இது. இலகு ரகத்தில் பிறந்து கனரகமாக வாழ முயலும் வண்டியே மயங்கிய திணை. அதன் பிறப்பு வருமாறு:

“அண்ணா, ஒரு டன்னுதாண்ணா. மேல கொஞ்சம் இருக்கும்.”

“கொஞ்சம்னா?”

“அதான் பட்டை ஏத்திக்கிறியே, இன்னாண்ணா பயம்?”

பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை செருகினால் வண்டி உட்காராது. உட்காராததால் தாங்குகிறது என்று உரிமையாளர் நம்புகிறார். பட்டை தாங்கும் ஐயா, ஒத்துக்கொள்கிறேன். பிரேக்குக்கு யார் பட்டை ஏற்றினார்கள்? ஹவுசிங்குக்கு? வீல் பேரிங்குக்கு? பின்பாரம் கூடக்கூட முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி விட்டுப்போகும். மழை நாளில் எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஒன்று திடீரென நிற்கும்போது இந்தப் பாடம் முழுதும் ஒரே நொடியில் புரியும். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை அன்றும் பழையபடியே இருக்கும். பட்டையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

அபராதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 2019 திருத்தப்படி அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மிகையை இறக்கிய பிறகே வண்டி நகரலாம். 20,000 என்பது குட்டி யானைக்கும் டிரெய்லருக்கும் ஒன்றுதான். டிரெய்லர்க்காரர் ஒரு நடையில் அதைத் தாங்கிக்கொள்ளலாம். சின்ன வண்டிக்காரருக்கு டியூவே போய்விடும்.

அப்படியானால் எடுத்த எடுப்பில் பெரிதாகவே வாங்கிவிடலாமே என்றால், அதற்குத் தடை சொல்வது இடம். இருபதடிக் கன்டெய்னர் காலியாகவே இரண்டு டன்னுக்கு மேல். அதைச் சுமக்கும் டிரெய்லர் மொத்தம் 55 டன் வரை போகலாம், ஆனால் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது அந்த வலிமையால் ஒரு பயனுமில்லை. பகலில் நகரத்தின் பல சாலைகள் கனரகத்துக்கு மூடியிருக்கும். ராயபுரத்துச் சந்துகளோ எப்போதும் மூடியவை. அவற்றைப் போட்டவர்கள் மாட்டு வண்டியை மனத்தில் வைத்துப் போட்டார்கள். கடைசி அரை மைலுக்கு எப்படியும் சின்ன வண்டிதான் வர வேண்டும்.

எனவே தீர்ப்பு இது. மீன், காய்கறி, தண்ணீர் கேன், பார்சல் என்றால் குட்டி யானையோ தோஸ்தோ போதும். கம்பி, டைல்ஸ், மணல், சிமென்ட் என்றால் நாலு சக்கரத்தை மறந்துவிட்டு 7,500க்குள் ஓர் ஆறு வீல் பாருங்கள். மாதத்தில் ஒருமுறை வரும் பெரிய லோடுக்காகப் பெரிய வண்டி வாங்கவே வேண்டாம், அன்றைக்கு மட்டும் வாடகைக்குச் சொல்லுங்கள். பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் கீழே குனிந்து பின் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி வைத்ததைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். இரண்டு கூடுதலாக இருந்தால் டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.