இன்னும் அஞ்சே கிலோமீட்டர்

நெடுந்தூரம் போகிற சைக்கிள் குழு எதுவானாலும் அதில் ஓர் அண்ணன் இருப்பார். யாரும் அவரைத் தலைவராக்கியிருக்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவைத் திறந்தவர் அவர். குளுவாங்கிலிருந்து மெர்சிங் வரை மிதிக்கலாம் என்று நடுராத்திரியில் செய்தி போட்டவரும் அவரே. "ரோடு பூரா சமமா இருக்கும், மேடே கிடையாது" என்று அதற்கடியில் கூசாமல் எழுதியிருப்பார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. குழுவுக்கு அவர் அஞ்சு கிலோமீட்டர் அண்ணன்.

ஐம்பதைத் தாண்டிய வயது. தொந்தியை ஒளிக்கத் தெரியாத ஜெர்சி. அதன் முதுகுப் பையில் ஒரு வாழைப்பழம், ஒரு டியூப், ஒரு கோடாலித் தைலம். சைக்கிள் என்ன விலை என்று வீட்டில் அக்கா கேட்டதற்கு ஐந்நூறு வெள்ளி என்று சொல்லி வைத்திருக்கிறார். அவருடைய கணக்கெல்லாம் ஐந்தில்தான் நிற்கும்.

விடியுமுன்னே குளுவாங்கில் கூடுவோம். "பசியாறிட்டுப் போலாமா அண்ணே?" என்று யாராவது இழுத்தால், "காஹாங்ல பசியாறலாம் தம்பி, அஞ்சு கிலோமீட்டர்தான்" என்பார். காஹாங் முப்பது கிலோமீட்டருக்கு மேல். பத்து பஹாட்டில் தொடங்கி ஆயர் ஹீத்தாம், குளுவாங், காஹாங் வழியாக ஜெமாலுவாங்கில் முடிகிற 50ஆம் எண் கூட்டரசு சாலை அது. இரண்டு பக்கமும் செம்பனை. மரம் இத்தனை இருந்தும் ரோட்டின் மேல் நிழல் விழாது. ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகிற மேடுகளில் பழக்குலை ஏற்றிய லோரிகளே முனகும்.

வரிசையாகப் போகும்போது முன்னால் இருப்பவர் காற்றைக் கிழிப்பார். பின்னால் ஒட்டி வருகிறவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். இந்த அறிவியலை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அண்ணன். ஆகவே அவர் எப்போதும் கடைசியில் வருவார். "விழுந்தவன யாராச்சும் பாக்கணும்ல?" என்பது காரணம். பள்ளத்தைக் கண்டால் முன்னால் போகிறவர் "லூபாங்!" என்று கத்த வேண்டும் என்பது முறை. அண்ணனும் கத்துவார், எல்லாரும் பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு.

காஹாங் கடைத்தெருவில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் வந்ததும் சரித்திரம் ஆரம்பமாகும். 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பான் படை சைக்கிள் மிதித்தே தெற்கே வந்தது, 1942 ஜனவரி 31இல் பிரிட்டிஷ்காரர்கள் ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குள் பின்வாங்கினார்கள், இதே காஹாங்கில் அவர்களுக்கு விமானத் திடல் இருந்தது என்று வரிசையாக வரும். இதெல்லாம் உண்மை. டயர் வெடித்த பிறகு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள், அந்தச் சத்தத்தை இருட்டில் கேட்டவர்கள் டாங்கி வருகிறது என்று நடுங்கினார்கள் என்பதும் எழுதப்பட்ட கதைதான். "டியூப் இல்லாமலே ஓட்டினானுங்க, நீங்க ஒரு பஞ்சருக்கு அழுவுறீங்க" என்று அண்ணன் முடிப்பார். "அவங்க கூட்டத்துலயும் உங்கள மாதிரி ஒருத்தர் சிங்கப்பூர் அஞ்சு கிலோமீட்டர்னு சொல்லியிருப்பாரு அண்ணே" என்பான் மூலையில் மைலோ குடிக்கும் தம்பி. ஒன்று சொல்ல வேண்டும். சில மாத வேலை என்று ஆசை காட்டித் தோட்டத்துத் தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றியதும் அதே படைதான். அந்தப் பொய்யோடு அண்ணனின் பொய்யைச் சேர்ப்பது பாவம்.

கடையை விட்டுக் கிளம்பும்போது எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்கு வழிகாட்டும் பலகை அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. "உள்ள போய் ஆத்துல குளிச்சிட்டு வந்திரலாம், பக்கந்தான்" என்பார். பூங்காவின் வாசலான கம்போங் பேத்தாவுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மண்பாதை. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியே அங்கே யோசித்துத்தான் போகும்.

காஹாங்கைத் தாண்டினால் வெயில் ஆளைப் பிடிக்கும். நடுவில் யானை கடக்கும் இடம் என்று எச்சரிக்கும் பலகை வேறு. இங்கேதான் அண்ணனின் அருமை தெரியும். ஒவ்வொரு சைக்கிளிலும் மீதி தூரத்தைப் புள்ளி வைத்துக் காட்டும் கருவி இருக்கிறது. அதைக் குனிந்து பார்த்துவிட்டு, உடனே திரும்பி, "அண்ணே, இன்னும் எவ்வளவு?" என்று கேட்பார்கள். கருவி சொன்னது பிடிக்கவில்லை, அதனால் மேல்முறையீடு. "அஞ்சுதான்லா, அந்த வளைவு தாண்டினா இறக்கம்." வளைவு தாண்டினால் மேடு. அந்த மேட்டின் உச்சிக்குப் போன கால்களுக்கு அடுத்த அஞ்சு.

ஒருமுறை கணினித் துறைத் தங்கச்சி ஒருத்தி நேர்மையாக இருந்து பார்த்தாள். பேருந்து நிறுத்தத்தில் சுருண்டு கிடந்தவர்களிடம், "நாப்பத்து மூணு புள்ளி ஆறு" என்றாள். அடுத்த நிமிடம் இரண்டு பேர் பின்னால் வந்த வேனில் ஏறிவிட்டார்கள். மூன்றாவது ஆள் சைக்கிளை விற்றால் என்ன கிடைக்கும் என்று விசாரித்தார். அண்ணன் அவளைத் திட்டவில்லை. கோடாலித் தைலத்தை எல்லாருக்கும் தடவிவிட்டு, "மெஷின் சேட்டிலைட்ட பாத்து சொல்லுது, நான் ரோட்ட பாத்து சொல்றேன்" என்றார். மிச்சப்பேர் எழுந்துவிட்டார்கள். என் தீர்ப்பு இதுதான்: அந்தக் குழுவில் கியர் மாற்றத் தெரிந்த ஒரே ஆள் அவர்.

ஜெமாலுவாங்கில் இடப்பக்கம் திரும்பி மெர்சிங் ரோட்டைப் பிடித்த பிறகு ஒரு கட்டத்தில் நிஜமாகவே ஐந்து கிலோமீட்டர்தான் பாக்கி இருக்கும். அண்ணன் சத்தியம் செய்து சொல்வார். ஒருவர்கூட நம்ப மாட்டார்கள். "அப்படின்னா இன்னும் முப்பது இருக்கு" என்று கணக்குப் போட்டு, ஐஸ் காச்சாங் கடையில் உட்கார்ந்து காலை நீட்டிவிடுவார்கள். தியோமான் தீவுக்குப் படகு ஏறும் படித்துறையில் அண்ணன் மட்டும் முதல் ஆளாகப் போய் நின்று படம் எடுத்துப் போடுவார். வாழ்நாளில் அவர் முன்னால் போன ஐந்து கிலோமீட்டர் அதுதான்.

அந்த ரோட்டில் காரோ லோரியோ ஓட்டுகிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டராவது தள்ளி, ஹாரன் அடிக்காமல் தாண்டுங்கள். யாராவது கை காட்டி நிறுத்தி மெர்சிங் எவ்வளவு தூரம் என்று கேட்டால், தயவுசெய்து உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு போத்தல் தண்ணீர் கொடுங்கள். 100 பிளஸ் என்றால் இன்னும் நல்லது.