எரிநதி மகாத்மியம்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் ஆட்கள் சொல்லிவைத்தார்கள். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்துக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. எஃகு ஆலை, எண்ணெய் ஆலை, பெயின்ட் கம்பெனி என்று சகலரும் குயாஹோகா ஆற்றில் கொட்டோ கொட்டென்று கொட்டினார்கள். 1868-இலேயே ஆறு பற்றி எரிந்தது. தண்ணீர் எரிகிறதே என்று எவராவது பதறினார்களா? அதற்குப் பிறகும் பலமுறை எரிந்தது. 1912-இல் ஐந்து பேர் செத்தார்கள். 1952-இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். ஊர்க்காரர்கள் தீயணைப்புப் படகை அனுப்பி ஆற்றை அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். ஆலை ஓடுகிறதல்லவா, அது போதும்.

1969 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. பாலத்தில் போன ரயிலிலிருந்து பொறி விழுந்ததாகச் சொல்கிறார்கள். கீழே மிதந்த எண்ணெயும் கட்டை குப்பையும் பற்றிக்கொண்டன. ரயில் பாலங்கள் கருகின. சுமார் 50,000 டாலர் நஷ்டம். அரை மணியில் அணைந்துவிட்டது. முந்தையவற்றைப் பார்த்தால் இது வெறும் சோப்ளாங்கித் தீ. போட்டோகிராபர் வந்தபோது எடுப்பதற்கு ஜுவாலைகூட மிச்சமில்லை.

மறுநாள் மேயர் கார்ல் ஸ்டோக்ஸ் நிருபர்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் அழாத குறையாகக் காட்டினார். பாவம், ஆற்றைச் சுத்தம் செய்ய 10 கோடி டாலர் கடன் வாங்க ஊர் மக்கள் முந்தின வருஷமே ஓட்டுப் போட்டிருந்தார்கள். அதெல்லாம் யாருக்கு வேண்டும்?

ஆகஸ்ட் 1 'டைம்' இதழில் கட்டுரை வந்தது. இந்தத் தீக்குத்தான் படம் இல்லையே! 1952 தீயின் படத்தைத் தூக்கிப் போட்டார்கள். படகைச் சுற்றிலும் தீயும் கரும்புகையுமாக ஜோராக இருந்தது. கல்யாணத்துக்கு வராத மாமாவின் பழைய போட்டோவை ஆல்பத்தில் ஒட்டுகிற வேலைதான். ஜனங்கள் அந்த இதழை வாங்கியதும் ஆற்றுக்காக அல்ல. நிலாவில் மனிதன் இறங்கிய கதையும், செனட்டர் எட்வர்ட் கென்னடியின் கார் பாலத்திலிருந்து விழுந்த விவகாரமும் அதில் இருந்தன. வம்பு படிக்கப் புரட்டியவர்கள் எரிகிற ஆற்றைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள்.

அதே வருஷம் சான்டா பார்பரா கடலில் கொட்டிய எண்ணெயும் ஜனங்களை உலுக்கியிருந்தது. 1970-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வந்தது. 1972-இல் தூய நீர்ச் சட்டம். செலவு கட்டுப்படியாகாது என்று அதிபர் நிக்ஸன் வீட்டோ செய்தார், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவரை ஓரங்கட்டி நிறைவேற்றியது. 2019-இல், குயாஹோகா மீனை இனிச் சாப்பிடலாம் என்று அரசு அறிவித்தது. வறுக்க மட்டும் தனியாக அடுப்பு மூட்டியாக வேண்டும்.