மீசை வைத்த முயல்

எதிர்வீட்டு ரிட்டயர்டு அதிகாரியின் மேல் எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. பேத்தியைப் பால்வாடியில் விடலாமென்று பேச்சுவாக்கில் சொன்னேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ரேஷன் கடைப் பால்வாடியா சார்? அங்கே ஃபேன் கடகடன்னு ஆடும். தண்ணித் தொட்டிப் பக்கம் பாருங்க, டைல்ஸ் ஒட்டிட்டாங்க. ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள இருக்கே, அது இன்னும் ஜோர்." மனிதருடைய பேரப்பிள்ளைகள் பெங்களூரில். அவர் பால்வாடிக்குள் காலெடுத்து வைத்ததே ஓட்டுப் போடத்தான்.

சரி, இந்த வியாதி இல்லாதவர் யார்? நானும் ஒப்பிட்டே விடுகிறேன். மூன்றில் எது உசத்தி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சுவர். பால்வாடியைச் சுவரை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. ரேஷன் கடைப் பால்வாடி முயலுக்கு மீசை உண்டு. முயலுக்கு மீசை இருக்கும்தான். இது முறுக்கிவிட்ட மீசை. தேர்தலுக்கு வேட்பாளர் முகம் வரைகிற பெயின்டரிடம் வேலையைக் கொடுத்தால் கைப்பழக்கம் விடுமா? பக்கத்து யானை தும்பிக்கையைத் தூக்கி வணக்கம் வைக்கிறது. கீழே சின்னம் இருக்கிறதா என்று நானே குனிந்து பார்த்தேன். தண்ணித் தொட்டிப் பால்வாடியில் மிக்கி மவுஸ் நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறது. 'அ'வுக்கு அம்மா. 'ஆ'வுக்கு ஆடு. 'ஈ'க்கு வரைந்த ஈ அந்த ஆட்டைவிடப் பெரிசு; பேத்தி அதைப் பார்த்துத்தான் அழுதாள். 'ஔ'வுக்கு ஔவையார்: அதே அம்மா முகம், தலையில் மட்டும் வெள்ளை பெயின்ட். 'ஃ'க்கு எஃகு என்று ஒரு சாம்பல் நிறச் செங்கல். ஸ்கூல் காம்பவுண்டுப் பால்வாடிச் சுவர் முழுக்க ரயில். எஞ்சினில் உட்கார்ந்து ஓட்டுவது யாரென்று நினைக்கிறீர்கள்? முயல். மீசையோடு.

சுவரைப் பற்றி இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் சோற்றைப் பற்றி யாராவது வாய் திறந்தார்களா? எங்கள் திருச்சிக்குப் பக்கத்தில், பாப்பாக்குறிச்சியில்தான், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பால்வாடிப் பிள்ளைகளுக்கும் அன்றிலிருந்து சோறு. இன்று முட்டையும் உண்டு. டீச்சர் ஒருவர், ஆயா ஒருவர். அந்த டீச்சரே பாட்டுச் சொல்லிக் கொடுத்து, பிள்ளைகளை எடைபோட்டு, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுத்து, அத்தனை கணக்கையும் செல்போனில் ஏற்ற வேண்டும். மூன்றிலும் இதே கதை என்பதால் ஒப்பிட ருசியில்லை போலிருக்கிறது. ஆனால் 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 பால்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வந்தது. எல்கேஜி என்ற சொல் காதில் விழுந்ததும்தான் எதிர்வீட்டாருக்கு ஸ்கூல் காம்பவுண்டின் மேல் மரியாதை பிறந்தது.

எது உசத்தி என்றா கேட்கிறீர்கள்? மூன்றையும் அக்குவேறு ஆணிவேறாக அலசுகிற எங்கள் தெருக்காரர்கள் பிள்ளையை அனுப்புவது வேன் வருகிற நர்சரிக்கு. அங்கே ஃபேன் ஆடுகிறதா என்று ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஃபீஸ் ரசீதைப் பார்த்ததுமே தரம் விளங்கிவிடுகிறது. பால்வாடியில் ரசீது கொடுப்பதில்லை. எங்கள் தெருவைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய குறை அதற்கு வேறில்லை.