மஞ்சள் கொடி மகாராஜாக்கள்

சொந்தப் படகு, பரந்த கடல், நினைத்த இடத்தில் நங்கூரம். கிழக்குக் கரீபியனுக்குக் கிளம்பும் சீமான்களின் கனவு இதுதான். அங்கேயோ தீவுக்குத் தீவு தேசம் மாறுகிறது. மார்டினிக் பிரான்சுக்குச் சொந்தம். சுமார் 30 கி.மீ. தெற்கே செயின்ட் லூசியா தனிநாடு. அப்புறம் செயின்ட் வின்சென்ட், கிரெனடா. புதுத் தேசம் வந்தால் மஞ்சள் கொடி ஏற்று, காத்திரு. முதலாளி மட்டும் ரப்பர் படகில் கரையேறி, உப்பேறிய அரைக்கால் சட்டையும் பாஸ்போர்ட் கட்டுமாகச் சுங்க அலுவலக வாசலில் நிற்பார். குடும்பம் படகிலிருந்தபடி பைனாகுலரில் கடற்கரையை அனுபவிக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்; அப்போது படகு எங்கே நிற்கலாம் என்று தீர்மானிப்பது பெரும்பாலும் காப்பீட்டுக் கம்பெனி. மிச்ச நாட்களில் கழிவறை பம்ப் அடைத்துக்கொள்ளும். நடுக்கடலுக்குப் பிளம்பர் வரமாட்டார். ஐயாவேதான் கைவைக்க வேண்டும்.