எத்தனை ஊருக்குக் கேட்கும்?

என் தாய்மாமாவிடம் நாலு குழாய் இருந்தன. தண்ணீர்க் குழாய் இல்லை, ரேடியோக் குழாய். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கூம்பு ஸ்பீக்கருக்கு அதுதான் பெயர். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, அம்மன் கோயில் பொங்கல் என்று எது வந்தாலும், முதல் நாள் சாயங்காலமே தோளில் கயிறும் வாயில் இன்சுலேஷன் டேப்புமாக மாமா வேப்பமரத்தில் ஏறிவிடுவார். கீழே வயர்ச் சுருளைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். இரண்டு குழாயை எதிரெதிர்த் திசையில் திருப்பிக் கட்டிவிட்டு இறங்கி வந்து, இசைத்தட்டில் ஊசியை வைத்தால் சீர்காழி கோவிந்தராஜன் விநாயகரைக் கூப்பிடுவார். அவர் கூப்பிட்டு முடித்த பிறகுதான் எம்.ஜி.ஆரோ சிவாஜியோ வரலாம்.

மாமாவிடம் யாரும் வாட் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "எத்தனை ஊருக்குக் கேக்கும்?"

"ரெண்டு குழான்னா மூணு ஊரு. நாலு கட்டுனா மலையடிவாரம் வரைக்கும்."

வாடகையும் அந்தக் கணக்கில்தான்.

எனக்கு அந்தக் குழாய்கள் மேல் ஒரு வெட்கம் வந்தது. 1988இல் வங்கி வேலைக்குச் சென்னை வந்து, உடன் வேலை பார்த்த ஒருவர் அறையில் முதல்முறையாக ஸ்டீரியோ செட்டில் இளையராஜாவைக் கேட்டேன். பத்து வருஷமாக மனப்பாடமாயிருந்த பாட்டுகள்தான். ஆனால் அவற்றில் பேஸ் கிட்டார் என்று ஒருவர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கிட்டாரின் அடி நரம்பு 41 ஹெர்ட்ஸ். மரத்துக் குழாய் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கண்டுகொள்ளாது. தவிலில் வலந்தலை மூன்று ஊருக்குக் கேட்கும், தொப்பி பந்தலுக்கே கேட்காது. ஊரே சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டதாகக் கோபம் வந்தது.

1994இல் கடன் போட்டு ஒரு ஜோடி இங்கிலாந்துப் பெட்டிகள் வாங்கினேன். ஷூ டப்பாவை விடக் கொஞ்சம் பெரிசு. அவற்றைப் பாட வைக்க 100 வாட் ஆம்ப்ளிஃபயர். அதன் பிறகு ஊருக்குப் போனால் என் பேச்சே மாறிவிட்டது. "தகரச் சத்தம்" என்றேன். என் தங்கை கல்யாணத்துக்கு, "குழா வேண்டாம் மாமா, பாக்ஸ் வச்சுக்குவோம்" என்று சொன்னவனும் நான்தான். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மதுரையிலிருந்து பாக்ஸ் வந்தது. அப்புறம் 2000இல் ஒலி மாசு விதிகள் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்றார்கள். கூம்பு ஸ்பீக்கர் கட்டாதே என்று திருவிழாவுக்குத் திருவிழா போலீஸ் சொல்லத் தொடங்கியது. ஒருநாள் மாமா நாலு குழாயையும் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். அலுமினியம் ஆனதால் இரும்பை விட நல்ல விலை கிடைத்ததாகச் சொன்னார். நல்ல முடிவு என்று பாராட்டினேன்.

இனி இப்போதைய கதை. போன வருஷம் ஓய்வு பெற்றேன். கையில் வந்த பணத்தில் அறிவுள்ளவன் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பான். நான் வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். அதில் இருப்பது 300பி என்ற வால்வு. 1938இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு வால்வு, அது தருவது 8 வாட். மாமாவின் பழைய மைக் செட்டிலும் வால்வுதான் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் பணம் மிஞ்சியிருக்கும்.

அந்த 8 வாட்டை இங்கிலாந்துப் பெட்டியில் மாட்டியதும் பாட்டு எங்கோ அடுத்த தெருவில் பாடுவது போலக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினேன், கரகரத்தது. முன்வலையைக் கழற்றிப் பார்த்தால், கோனைச் சுற்றியிருந்த ஃபோம் விளிம்பு விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த ஃபோம் பதினைந்து இருபது வருஷம் தாங்கினாலே பெரிசாம். ரிச்சி தெருவில் ரீகோனிங் செய்பவர் கோனை இரண்டு விரலால் அழுத்தி, காதை வைத்துக் கேட்டுவிட்டு, "காயிலும் உரசுது சார். வேற பாத்துக்கங்க" என்றார். என் வீட்டு டாக்டர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

வேறு என்றால் எது? 8 வாட்டுக்கு ஏற்ற, சென்சிட்டிவிட்டி அதிகமுள்ள ஸ்பீக்கர். ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதுதான் இந்தச் சென்சிட்டிவிட்டி. 3 டெசிபல் கூடினால் பாதி வாட் போதும். என் பழைய பெட்டிக்கு 85. 97 உள்ளதாக வாங்கினால் 12 டெசிபல் லாபம், அதாவது பதினாறில் ஒரு பங்கு மின்சாரம். 100 வாட் செய்ததை ஆறேகால் வாட் செய்துவிடும். வங்கிக்காரனுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டது. இன்னொரு கணக்கும் பிடிபட்டது, அது அவ்வளவு இனிக்கவில்லை. 85 டெசிபல் பெட்டி, உள்ளே போகும் மின்சாரத்தில் சுமார் 0.2 சதவீதத்தைத்தான் ஒலியாக்குகிறது. மிச்சமெல்லாம் காயிலில் சூடாகப் போகிறது. முப்பது வருஷமாகப் பாட்டு கேட்டேன் என்று நினைத்திருந்தேன். கணக்குப்படி ஹீட்டர் ஓட்டியிருக்கிறேன்.

இது யாருடைய குற்றமும் இல்லை. 1954இல் எட்கர் வில்ச்சர் என்பவர் காற்றுப் புகாத சின்னப் பெட்டியிலிருந்தே ஆழமான பேஸை வரவழைத்துக் காட்டினார். அதற்கு விலையாகச் சென்சிட்டிவிட்டி போயிற்று. நாலு வருஷத்தில் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்து வீட்டுக்கு இரண்டு பெட்டி வேண்டும் என்றானபோது, சின்னதைத்தான் எல்லோரும் விரும்பினார்கள். பின்னால் டிரான்சிஸ்டர் வந்து வாட்டை மலிவாக்கியது. பியானோ மேதை ஜோசஃப் ஹாஃப்மனின் மகன் ஒருவர் ஸ்பீக்கர் தொழிலுக்கு வந்து ஒரு விதியே எழுதினார்: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிகச் சென்சிட்டிவிட்டி, இம்மூன்றில் இரண்டைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை பார்ப்பதில் எங்கள் பாட்டி சொன்ன விதியும் ஏறக்குறைய இதேதான்.

சென்னையில் இந்த மாதிரிச் சாமான் விற்கும் கடைகளில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயில் மாதிரியே உள்ளே குளிராகவும் இருட்டாகவும் இருந்தது. கடைப் பையன் மெல்லிய குரலில், "சார், உங்க ஆம்புக்கு ஹாரன்தான் செட் ஆகும்" என்றான். விளக்கைப் போட்டான்.

எதிரே குழாய் நின்றது. வால்நட் மரத்தில் கடைந்து, மெருகேற்றி, ஆளுயரத்தில் ஒரு ஜோடி. 104 டெசிபல். விலை, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டு மனை.

ஹாரன் ஏன் அத்தனை சத்தம் தருகிறது என்று பையன் எனக்கு விளக்கினான். காற்று லேசானது, கோன் கனமானது, கோன் தள்ளுகிற தள்ளு காற்றில் முழுசாக ஏறுவதில்லை, ஹாரன்தான் இரண்டுக்கும் இடையில் தரகர் என்றான். நாதஸ்வரத்துக்கு அணசு எதற்கென்று கேட்டு வளர்ந்தவனுக்கு அவன் இதைச் சொன்னான். நான் தலையாட்டினேன். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் செய்த மூலை ஹாரன் 1946 முதல் இன்றைக்கும் தயாராகிறது என்றும் சொன்னான். அது அறையின் இரண்டு சுவரையே தன் வாயாக நீட்டிக்கொள்ளும். மாமா கோயில் மதிலைப் பார்த்துக் குழாயைத் திருப்பிக் கட்டியது ஞாபகம் வந்தது. ஆனால் மாமா அதற்குப் பேடன்ட் வாங்கவில்லை.

காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தைப் போடச் சொன்னேன். ஒப்புக்கொள்ள வேண்டும்: மயிர்க்கூச்செறிந்தது. ஒரு வாட்கூடச் செலவாகியிருக்காது, ஆள் எதிரே நின்று ஊதினார். அடுத்து ஒரு பெண் குரல். அதில் மட்டும் லேசாக, யாரோ வாயருகே கையைக் குவித்துக்கொண்டு பாடுவது போல ஒரு நெடி. எனக்கு அந்த நெடி தெரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால் அதற்கு நான் வைத்த பெயர் தகரச் சத்தம். பையன் "ப்ரெசென்ஸ்" என்றான்.

மனையை விற்கும் உத்தேசம் இல்லை. என் அறை பன்னிரண்டுக்குப் பத்தடி, மொசைக் தரை, கைதட்டினால் சுவர் பதிலுக்குத் தட்டும். அதில் ஆளுயரக் குழாய் நின்றால் நான் வாசலில்தான் உட்கார வேண்டும். ஆறு மாதம் அலைந்து, 15 அங்குலப் பேப்பர் கோனும் மேலே ஒரு சின்ன மரக் குழாயும் உள்ள பழைய ஜோடி ஒன்றைப் பிடித்தேன். 97 டெசிபல். தரையில் ஜமுக்காளம் விரித்து, பின்சுவரில் புத்தக அலமாரியை நகர்த்திவைத்ததும் எதிரொலி பாதியாகக் குறைந்தது. இந்த இரண்டுக்கும் செலவு பூஜ்யம். மொத்தக் கொள்முதலில் மனசாட்சி உறுத்தாத பகுதி இதுதான்.

மாமாவுக்குப் போன் செய்தேன். வயது எண்பத்துமூன்று. குழாயடியிலேயே காலம் தள்ளியதில் காது மந்தம். அவர் போனில் பேசுவது இன்னமும் ஒரு ஊருக்காவது கேட்கும்.

"குழா வாங்கிருக்கேன் மாமா."

"எதுக்கு மாப்ளே? வீட்ல விசேசமா?"

"சும்மா பாட்டுக் கேக்க."

"எத்தன வாட்டு?"

"எட்டு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எட்டா? எத்தன ஊருக்குக் கேக்கும்?"

"ஒரு ஆளுக்கு மாமா. நடுவுல நாற்காலி போட்டு உக்காந்தாத்தான் சரியா இருக்கும்."

"சரி, சரி" என்றார். கடன் வாங்கியவனிடம் பேசுகிற குரல்.

பெட்டிகளை உள்ளே கொண்டுபோக அறைக் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. நிலைக்குள் ஒரு விரல் இடைவெளியில் நுழைந்தன. திரும்ப மாட்ட ஆசாரி திங்கட்கிழமை வருகிறேன் என்றார். அது நடந்து ஏழு வாரம் ஆகிறது. அதுவரை பாட்டு அடுப்படி வரைக்கும் போகிறது, பிடிக்காத பாட்டு வந்தால் அங்கிருந்து "மாத்துங்க" என்று குரல் வருகிறது.