நாய் சேகர் சொத்துப் பிரித்த கதை

அண்ணன் தம்பிகள் சொத்துப் பிரிக்கும்போது கிணறு ஒருவருக்கு, கயிறு ஒருவருக்கு, வாளி ஒருவருக்கு என்று போனால் யாருக்கும் தண்ணீர் கிடைக்காது. 2006இல் வந்த ‘தலைநகரம்’ படத்துக்கு நேர்ந்தது அதுதான்.

முதலில், அதில் நாய் சேகராக வந்த வடிவேலுவின் ‘நானும் ரவுடிதான்’ வசனம் போனது. 2015இல் விஜய் சேதுபதி நடித்த படத்துக்கு அதுவே தலைப்பானது. ‘நாய் சேகர்’ என்ற பெயர் 2022 ஜனவரியில் சதீஷுக்குப் போனது. சொந்தப் பெயரே கைநழுவியதால் வடிவேலு, பின்னால் ‘ரிட்டர்ன்ஸ்’ என்று ஒரு வாலை ஒட்டிக்கொண்டு அதே ஆண்டு டிசம்பரில் வந்தார். மிச்சமிருந்த தலைப்பை 2023இல் சுந்தர்.சி ‘தலைநகரம் 2’ என்று எடுத்துக்கொண்டார். அதில் நாய் சேகரே கிடையாது.

‘ரிட்டர்ன்ஸ்’ வெளியான டிசம்பர் 9 அன்றுதான் மாண்டஸ் புயலும் சென்னையை நெருங்கியது.

“புயல் வருதாம், எங்கடா கெளம்பிட்ட?”

“வடிவேலு படம்மா.”

“அப்ப சரி, ரெயின்கோட்டைப் போட்டுக்கிட்டுப் போ.”

வடிவேலு மேல் அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கும்தான். ஆனால் தியேட்டருக்குள் ஏசி ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. இடைவேளையில் பின்வரிசைப் பையன் ஒருவன் செல்போனில் ‘தலைநகரம்’ படத்தின் போலீஸ் வண்டிக் காட்சியை ஓடவிட்டான். அன்றைய முதல் முழுச் சிரிப்பு அப்போதுதான் கிளம்பியது. பாப்கார்ன் வாங்கப் போனவர்கூடத் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

அந்தக் காட்சியில் போலீஸ் வடிவேலுவை ஒரு ஆளாகவே மதிக்காது. இவரே வலியப் போய் வண்டியில் ஏறிக்கொண்டு, தானும் ரவுடி என்று ஊருக்கே அறிவிப்பார். சுற்றி நிற்பவர்களெல்லாம் நிஜம், இவர் ஒருவர்தான் டூப்பு. அடி வாங்குகிறவர் சிரிக்க வைக்க வேண்டுமென்றால் அடிக்கிறவர் முறைத்துக்கொண்டு இருக்க வேண்டும். ‘ரிட்டர்ன்ஸி’ல் ஆனந்தராஜ், ரெடின் கிங்ஸ்லி, ஷிவாங்கி என்று எல்லோருமே காமெடி செய்கிறார்கள். முறைப்பதற்கு நாங்கள்தான் மிச்சம். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தோம்.

‘ரிட்டர்ன்ஸி’ல் நாய் சேகர், பணக்கார வீட்டு நாய்களைக் கடத்திக் காசு கேட்கும் ரவுடி என்பது நல்ல சரக்குதான். ஆனால் அவருக்கு ஒரு ஃபிளாஷ்பேக், அதில் அதிர்ஷ்டம் தரும் நாய், அந்த நாயைத் திருடிப் பணக்காரனான வில்லன். 2006இல் நாய் சேகர் யார் பெற்ற பிள்ளை என்று யாராவது கேட்டோமா?

2023 ஜூனில் ‘மாமன்னன்’ வந்தது. சிரிப்புக்கு இடமே இல்லாத வேடத்தில் அதே வடிவேலு அசத்தினார். சரக்கு அவரிடம் தீரவில்லை என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று.

வடிவேலுவின் ‘இம்சை அரசன் 24ஆம் புலிகேசி’ பஞ்சாயத்தில் சிக்கிப் பாதியில் நின்றபோது நான் புலம்பாத ஆளில்லை. இப்போது யோசித்தால், ரசிகனை ஏமாற்றாத ஒரே இரண்டாம் பாகம் அதுதான்.